புள்ளி இருந்தால்

இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
புள்ளி இருந்தால் தொட்டுக்கொள்கின்றன.
இல்லாவிட்டால்
ஒன்றை ஒன்று அறியாமல் கடந்துபோகின்றன.
அவ்வளவுதான் விதி.

என் தாளில் புள்ளி இருக்கிறது.
மையா, ஈ எச்சமா,
பாம்பன் ஈரத்தில் பூத்த பூஞ்சையா
என்பதுதான் தெரியவில்லை.

இரவு ஒன்பதரை.
விடிந்தால் தடைக்காலம் முடிவு.
ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் ஊற்றியாயிற்று,
டோக்கன் சட்டைப்பையில்.
கிளாட்வினின் வயர்லெஸ் பெட்டி மட்டும்
என் மேசையில் வயிறு திறந்து கிடக்கிறது.
ஊர் பேசுவதெல்லாம் அதற்குக் கேட்கிறது,
அது பேசுவது ஒருவருக்கும் கேட்பதில்லை.
‘எங்க வீட்ல என் நெலமதான்க்கா’ என்று
சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனான்.

நகலின் நகலின் நகல் இந்த வரைபடம்.
பரமக்குடி ஐ.டி.ஐ.யில்
மின்தடை என்றால் செவ்வகப் பெட்டி.
ஜப்பான்காரன் தாளில் அது கோணல்மாணல்,
உச்சி வெயிலில் மணல் சுட
வெறுங்காலோடு ஓடியவன் தடம்.
இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்:
மெல்லப் போ.

டயோடின் அம்பை நான் நம்புவதில்லை.
எலக்ட்ரான்கள் அதற்கு எதிர்த்திசையில் போகின்றன.
திசையை முடிவு செய்தவர்கள்
எலக்ட்ரானைக் கண்டதில்லை.
கண்ட பிறகும் மாற்றவில்லை,
கணக்கு சரியாக வந்துகொண்டிருந்ததால்.

முகம் பார்த்து நிற்கும் இரண்டு கோடுகள்,
நடுவில் ஒன்றுமில்லை: மின்தேக்கி.
நேராக வருவதை நிறுத்திவிடும்.
ஆடி ஆடி வருவதை விட்டுவிடும்.
இந்நேரம் பக்கத்து ஐஸ் கடையில்
அக்கரை வானொலி பாடுகிறது,
நடுக்கடலில் எந்தக் கோட்டிலும் நிறுத்தப்படாமல்.

புள்ளிக்கு வருகிறேன்.
இருந்தால், மைக் பொத்தானின் கம்பி
எட்டு வோல்ட்டோடு சேர்ந்திருக்க வேண்டும்.
இல்லையென்றால் சேர்ந்திருக்கக் கூடாது.
பிளேடு முனையால் மெதுவாகச் சுரண்டினேன்.
புள்ளி போயிற்று.
தாளும் போயிற்று.
இப்போது அந்த இடத்தில் ஒரு ஓட்டை,
வழியாக என் கட்டைவிரல் தெரிகிறது.

வேறு வழியில்லை,
தாளை விட்டுவிட்டு போர்டைக் கேட்க வேண்டும்.
மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன்.
‘பீ’ என்று கத்தவில்லை.
ஆக, தொடவில்லை.
ரயில் மேலே, வள்ளம் கீழே,
ஒன்றின் நனைதல் மற்றதற்கில்லை.

அப்படியென்றால் கோளாறு எங்கே?

பதினொன்றே முக்காலுக்குத்தான் உறைத்தது.
எர்த்தை நான் பார்க்கவே இல்லை.
குறுகிக் குறுகி இறங்கும் மூன்று கோடுகள்,
இந்தத் தாளில் மட்டும் இருபத்துமூன்று இடத்தில்.
அத்தனை இருந்தால் கண் தாண்டிவிடும்.
தனித்தனியாக வரைந்திருந்தாலும்
எல்லாம் ஒரே கம்பி.
பக்கம் முழுக்க கோடு இழுக்கச் சோம்பல்பட்டு
யாரோ கண்டுபிடித்த சுருக்கம்.
நிலத்தைக் குறிக்கும் அந்தக் குறி
ஃபைபர் படகில் ஏறிவிட்டால்
எதைக் குறிக்கிறது என்று
ஐ.டி.ஐ.யில் கேட்டு வெளியே நின்றிருக்கிறேன்.

மைக் சாக்கெட்டின் அடியில் பதினேழாவது எர்த்.
உப்புப் பச்சை பிடித்து,
ஈயம் மேலே பளபளத்து
உள்ளே மயிரிழை விரிசல்.
வரைபடத்தில் விரிசலுக்குக் குறியீடு கிடையாது.

தின்னர், பழைய பல் துலக்கும் பிரஷ்,
புது ஈயம் ஒரு சொட்டு.
பேசிப் பார்த்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று.
மேசையின் மறுகோடியிலிருந்த பெட்டி
என் குரலையே
எனக்குப் பிடிக்காத விதத்தில் சொன்னது.

ஓட்டைக்குப் பின்னால்
டீக்கடை ரசீதைக் கிழித்து ஒட்டினேன்.
புள்ளி வைக்கவில்லை.
ஒரு கோட்டின் மேல் இன்னொன்றை
அரைவட்டமாய்த் தாண்ட வைத்தேன்.
அடுத்து பார்ப்பவர் பிளேடு எடுக்க வேண்டாம்.

ஐந்தரைக்கு, கடைக் கதவைக்கூடத் திறக்கவில்லை,
உள்ளே அவன் குரல்:
‘அக்கா, மூடியில நாலு ஓட்ட இருக்கு,
மூணு ஸ்க்ரூதான் இருக்கு. ஓவர்.’

மேசை விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறேன்.